வெயில் ஊரில் புல்தரை போடுவது எப்படி: தண்ணீர்க் கணக்கிலிருந்து முதல் கோடை வரை

மதுரை, விருதுநகர், ராமநாதபுரம், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் புதிதாக வீடு கட்டியவர்கள் வாசலில் கொஞ்சம் புல்தரை போட ஆசைப்படுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. பிள்ளைகள் விளையாட இடம் வேண்டும், சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார வேண்டும், வாசலில் புழுதி பறக்கக் கூடாது. எல்லாமே நியாயமான காரணங்கள். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் பச்சைப் பசேலென்று இருந்த புல் பங்குனியில் மஞ்சளாகி, வைகாசிக்குள் வெறும் மண்ணாகிவிடுவதும் இதே ஊர்களில்தான் அதிகம் நடக்கிறது. பெரும்பாலும் புல்லின் மேல் தவறு இருப்பதில்லை. தண்ணீரை அளக்காமல் பரப்பை முடிவு செய்திருப்பார்கள், அல்லது கட்டட இடிபாட்டின் மேலேயே புல்லை விரித்திருப்பார்கள். இந்த இரண்டையும் சரியாகச் செய்துவிட்டால் மீதி வேலை கடினமே இல்லை.

முதலில் தண்ணீர்

நர்சரிக்குப் போகும் முன் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க ஒரு லிட்டர் வேண்டும். நம் வெயிலில், வறட்சி தாங்கும் புல்லுக்கே சித்திரை, வைகாசியில் வாரத்துக்கு ஒரு அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலம் வரை தண்ணீர் தேவைப்படும். 1000 சதுர அடிக்கு ஒரு அங்குலம் என்றால் 2,300 லிட்டருக்குச் சற்று மேல் வரும். ஒன்றரை அங்குலம் என்றால் 3,500 லிட்டர். அதையே 400 சதுர அடிக்குப் பார்த்தால் வாரத்துக்கு 950 முதல் 1,400 லிட்டர்தான். மொட்டை மாடியில் இருக்கும் 1000 லிட்டர் டேங்க் ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை.

உங்கள் போர்வெல் மே மாதத்தில் வீட்டுச் செலவு போக எவ்வளவு தரும் என்று பாருங்கள். இந்த ஊருக்குப் புதியவர் என்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். "மே மாசம் எத்தனை தடவை லாரித் தண்ணி வாங்குவீங்க?" என்று கேட்டால் உண்மை நிலவரம் தெரிந்துவிடும். ஆவணியில் தண்ணீர் எப்படி வருகிறது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். மே மாதத் தண்ணீர் எத்தனை சதுர அடிக்குப் போதுமோ அதுதான் உங்கள் புல்தரையின் அளவு. என் கருத்தைக் கேட்டால், முதல் தடவை போடுகிறவர்கள் 400 சதுர அடியைத் தாண்டவே வேண்டாம். வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற, கால் படுகிற இடத்தில் மட்டும் போடுங்கள். சுற்றுச்சுவர் ஓரத்தில் செம்பருத்தியோ அரளியோ வைத்துவிடலாம்.

தண்ணீரின் அளவு தெரிந்ததும் அதன் உப்பையும் பார்த்துவிடுங்கள். மாவட்டத் தலைநகரங்களில் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன. ஒரு பாட்டில் போர்வெல் தண்ணீரும் ஒரு பை மண்ணும் கொண்டுபோய்க் கொடுத்தால் மின்கடத்துத்திறன் (உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு), கார அமில நிலை எல்லாம் சொல்லிவிடுவார்கள். தண்ணீரின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குக் (dS/m) கீழே இருந்தால் கவலையில்லை. 3க்கு மேல் போனால் எல்லாப் புல்லும் தாங்காது, உப்புத் தாங்கும் வகையாகத்தான் பார்க்க வேண்டும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைப் புல்லுக்கு விடாதீர்கள். உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான். சோப்புத்தூள் கலந்த வாஷிங்மெஷின் தண்ணீரும் வேண்டாம். அரிசி, காய்கறி கழுவின தண்ணீர் என்றால் தாராளமாக ஊற்றலாம்.

எந்தப் புல்?

நர்சரிக்குப் போனதும், "சார், மெக்சிகன் எடுத்துக்கோங்க, பட்டு மாதிரி இருக்கும்" என்பார்கள். விரித்து வைத்திருக்கும் கார்பெட்டை, அதாவது அடிமண்ணோடு துண்டு துண்டாக வெட்டியெடுத்த புல்லை, தொட்டுப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். அது நிழல்வலைக்குக் கீழே, தினமும் தண்ணீர் குடித்து வளர்ந்த புல். உங்கள் வாசலில் அது எப்படி இருக்கும் என்பது வேறு கணக்கு.

முழு வெயில் விழும் இடத்துக்கு என் முதல் தேர்வு அருகம்புல்தான். நர்சரியில் இதைத்தான் பெர்முடா என்கிறார்கள். பிள்ளையாருக்கு வைக்கும் அதே புல்தான், கொஞ்சம் மெல்லிய இலை உள்ள வகைகளைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியிருக்கிறார்கள். "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி" என்று மணமக்களை வாழ்த்துகிறோமே, அந்த வேர்தான் இங்கே விஷயம். மண் இடம் கொடுத்தால் ஒரு மீட்டருக்கும் கீழே இறங்கும். மேலே தரையோடு படரும் ஓடுதண்டு, கீழே மண்ணுக்குள் ஓடும் கிழங்குத்தண்டு, இரண்டும் உண்டு. அதனால் வெயிலில் மேல்பாகம் காய்ந்து பழுப்பானாலும் ஒரு நல்ல மழைக்குத் திரும்பத் துளிர்த்துவிடும். பிள்ளைகள் ஓடி ஆடித் தேய்த்த இடமும் சீக்கிரம் மூடிக்கொள்ளும்.

இதிலேயே 'செலெக்‌ஷன் ஒன்' என்ற வகை நம் நாட்டுக் கிரிக்கெட் மைதானங்களில் பரவலாக இருக்கிறது. 'டிஃப்வே 419' என்பது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உருவாக்கி 1960இல் வெளியிட்ட கலப்பு வகை. அது விதை பிடிக்காது. யாராவது அதன் விதை என்று விற்றால் வாங்க வேண்டாம், தண்டாகவோ கார்பெட்டாகவோதான் கிடைக்கும். அருகின் குறை ஒன்றே ஒன்று: நிழல் ஆகாது. நாளுக்கு ஆறு மணி நேரம் நேர் வெயில் இல்லாவிட்டால் மெலிந்து, ஒல்லியாக நீண்டு, கடைசியில் காணாமலே போய்விடும்.

கொரியன், மெக்சிகன் என்று விற்பவை இரண்டும் சொய்சியா இனத்தைச் சேர்ந்தவை. இலை அடர்த்தியாக இருக்கும், ஓரளவு நிழலைத் தாங்கும், அடிக்கடி வெட்ட வேண்டியதில்லை. ஆனால் மிக மெதுவாகப் பரவும். ஒரு இடம் பட்டுப்போனால் அது மூடுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். வறட்சியை இதுவும் தாங்கும் என்றாலும் அருகு அளவுக்கு மீண்டு வராது. காலையிலோ மாலையிலோ வீட்டு நிழல் விழுகிற இடம், ஆள் நடமாட்டம் குறைவு, தண்ணீர் ஓரளவு நிச்சயம் என்றால் இதைப் போடலாம்.

பஃபல்லோ என்ற பெயரில் வரும் அகல இலைப் புல் நிழலில் நன்றாக வரும். தண்ணீரும் நிறையக் கேட்கும். வறண்ட ஊருக்கு அதை நான் சொல்ல மாட்டேன். கடலோரத்தில், உப்புத் தண்ணீர்தான் வருகிறது என்பவர்களுக்குப் பாஸ்பேலம் இருக்கிறது. இயற்கையிலேயே கடற்கரையில் வளரும் புல் அது. தேடித்தான் வாங்க வேண்டியிருக்கும்.

ஆன்லைனில் அழகான படத்தோடு வரும் விதைப் பொட்டலங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பின்பக்கத்தில் ரை கிராஸ், ஃபெஸ்க்யூ, கென்டக்கி புளூகிராஸ் என்று போட்டிருந்தால் அவை குளிர்ப் பிரதேசப் புற்கள். ஊட்டி, கொடைக்கானலில் வளரும். நம் சமவெளியில் மார்கழியில் முளைத்து மாசியில் மடிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோடையில் வாரம் 500 லிட்டர்கூட ஒதுக்க முடியாதவர்கள் புல்லை விட்டுவிட்டுப் பொடுதலையைப் பார்க்கலாம். வாய்க்கால் கரையிலும் வரப்பிலும் தரையோடு படர்ந்து கிடக்கும் அதே செடிதான். ஓரங்குல உயரத்துக்கு அடர்ந்து படரும், வெட்டும் வேலை குறைவு, கொஞ்சம் நடக்கலாம். பூவுக்குத் தேனீ வரும் என்பதால் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் இருந்தால் பூக்கும்போது மேலாக வெட்டிவிட வேண்டும்.

மரத்தடியில் எந்தப் புல்லையும் கட்டாயப்படுத்தாதீர்கள். வேம்புக்கும் புங்கனுக்கும் கீழே உதிர்ந்த இலையையே மூடாக்காக விட்டுவிடுங்கள். மரத்துக்கும் அது நல்லது.

மண்ணில் செலவு செய்யுங்கள்

பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால் நான் மண்ணைத்தான் காட்டுவேன். புது வீட்டு வாசலில் கடப்பாரையை இறக்கிப் பாருங்கள். இரண்டு அங்குலம் மண், அதற்குக் கீழே செங்கல் துண்டு, காய்ந்த கலவை, ஜல்லி, பெயின்ட் டப்பா மூடி எல்லாம் வரும். சிமெண்ட் கலவை மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும். அதில் புல்லுக்கு இரும்புச்சத்து கிடைக்காமல் இலை வெளுத்துப்போகும். மேஸ்திரி "மேல ரெண்டு தட்டு செம்மண் கொட்டிட்டாப் போதும்" என்பார். போதாது. குறைந்தது முக்கால் அடி ஆழத்துக்குத் தோண்டி இடிபாட்டை வெளியேற்றுங்கள். ஓரடி என்றால் இன்னும் நல்லது.

அடியில் இருக்கும் மண்ணைக் கொத்திக் கிளறிவிட்டு, மேலே அரை அடிக்கு மணற்பாங்கான செம்மண் போடுங்கள். 400 சதுர அடிக்கு அரை அடி என்றால் 200 கன அடி, அதாவது 2 யூனிட். அதோடு ஓரங்குல உயரத்துக்கு நன்றாக மட்கிய தொழு உரம். தொழு உரத்தைக் கையில் எடுத்தால் சாணி வாடை வரக் கூடாது, உதிர வேண்டும். பாதி மட்கியது கரையானையும் வேரைத் தின்னும் வெள்ளைப் புழுவையும் கூட்டிவரும். மட்க வைத்த தென்னை நார்க்கழிவு கிடைத்தால் கொஞ்சம் சேர்க்கலாம், ஈரத்தைப் பிடித்து வைக்கும். புதிய நாரை அப்படியே போடாதீர்கள், அதில் உப்பு இருக்கும். 10 கிலோ வேப்பம்புண்ணாக்கையும் தூவி எல்லாவற்றையும் ஒன்றாகக் கிளறுங்கள்.

கரிசல் பூமியில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கரிசலில் நாலு தட்டு மணலைக் கலப்பதால் ஒன்றும் ஆகாது, கோடையில் வெடிப்பு விடத்தான் செய்யும். செம்மண்ணை மேலே தனி அடுக்காகவே போடுங்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மட்டும் கொத்திக் கலந்துவிட்டால் வேர் தடைபடாமல் இறங்கும். களர் மண் என்று பரிசோதனையில் வந்தால் அவர்கள் சொல்லும் அளவுக்கு ஜிப்சம் போட்டுத் தண்ணீர் நிறுத்தி வடிக்க வேண்டும்.

சமன் செய்யும்போது வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக எட்டடிக்கு ஓரங்குலம் சரிவு கொடுங்கள். கண்ணுக்குத் தெரியாத சரிவுதான், ஐப்பசி மழையில் அஸ்திவாரத்தின் பக்கம் தண்ணீர் நிற்காது. கார்பெட் விரிப்பதாக இருந்தால் மண் மட்டம் நடைபாதையைவிட ஒன்றரை அங்குலம் கீழே இருக்கட்டும். சமன் செய்ததும் தண்ணீர் விட்டு மண்ணை அமர விடுங்கள். பள்ளம் விழும் இடத்தை நிரப்பி, உருளை இருந்தால் உருட்டுங்கள். இல்லையென்றால் பலகையைப் போட்டு அதன் மேல் நடந்தாலே போதும்.

கோரையை முதலில் முடியுங்கள்

இந்த இடத்தில் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். மண் தயாராகிவிட்டது, புல்லை விரித்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். இரண்டு மூன்று வாரம் காலியாகவே விட்டு, ஒன்று விட்டு ஒரு நாள் தண்ணீர் தெளியுங்கள். உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் களை விதையெல்லாம் முளைத்து வரும். மற்ற களைகளைச் சுரண்டிவிடலாம். கோரைதான் பிரச்சினை. அதைக் கையால் இழுத்தால் இலை மட்டும் வரும், கிழங்கு உள்ளேயே நின்று மறுபடி முளைக்கும்.

மண் ஈரமாக இருக்கும்போது களைக்கொத்தால் பக்கவாட்டில் இறக்கி நெம்புங்கள். பட்டாணி அளவுக்குக் கறுப்பாக, முடி முடியாக ஒரு கிழங்கு வரும். அதிலிருந்து கம்பி போல மெல்லிய தண்டு ஒன்று மண்ணுக்குள் ஓடி அடுத்த கிழங்கில் முடியும். அந்தத் தண்டு அறுந்துவிடாமல் பின்தொடர்ந்து போனால் ஒரே செடியிலிருந்து நாலைந்து கிழங்கு எடுக்கலாம். இரண்டு மூன்று இலை விட்டதுமே எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் புதுக் கிழங்கு வைத்துவிடும். எடுத்ததைக் குப்பை உரக்குழியில் போடாதீர்கள், வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் இன்னொரு சுற்றுத் தண்ணீர், இன்னொரு சுற்றுக் களை. புல் வளர்ந்த பிறகு அதன் நடுவிலிருந்து கோரையை எடுப்பதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

கார்பெட் வாங்கும்போதும் துண்டைப் புரட்டி அடிமண்ணைப் பாருங்கள். கோரைக் கிழங்கு கண்ணில் பட்டால் அந்தச் சரக்கே வேண்டாம்.

நடுவது

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது புல்லுக்கும் சரிதான். ஆடி கடைசியிலும் ஆவணியிலும் தென்மாவட்ட உள்பகுதிகளில் அவ்வப்போது சாயங்கால மழை கிடைக்கும். மண் சூடாக இருக்கும், வெயிலும் சித்திரை அளவுக்குக் கொளுத்தாது. வடகிழக்குப் பருவமழை வரும்போது புல் வேர்விட்டு நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் விதைத்தால் விதை அடித்துக்கொண்டு போகும். தையில் நடலாம், ஆனால் வேர் ஆழமாகப் போவதற்குள் பங்குனி வந்துவிடும். சித்திரை, வைகாசியில் வேண்டவே வேண்டாம்.

நடுவதற்கு நாலு வழி இருக்கிறது. கையில் காசு குறைவு, பொறுமை உண்டு என்றால் தண்டு நடவு. அருகம்புல்லை வேரோடு பிரித்து, இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாக்கி, மூன்று நான்கு அங்குல இடைவெளியில் ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்ற வேண்டும். மூடுவதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். பிரித்த தண்டை ஈரச்சாக்கில் மூடியே வைத்திருங்கள், அரை மணி நேரம் வெயிலில் கிடந்தாலே வாடிவிடும்.

அடுத்தது பூசும் முறை. நறுக்கிய அருகம்புல்லைப் பச்சைச் சாணி, தோட்டத்து மண், தண்ணீரோடு கூழாகக் கரைத்து, ஈரமான தரையில் ஓரங்குல உயரத்துக்குப் பூசி, மேலே வைக்கோல் மூட வேண்டும். முளை தெரிந்ததும் வைக்கோலை எடுத்துவிட வேண்டும். ஊர்ப்பக்கம் சாணியும் புல்லும் சும்மா கிடைக்கும் இடத்தில் இது அருமையான முறை.

விதை என்றால் 400 சதுர அடிக்கு 200 முதல் 400 கிராம். அருகு விதை பொடிப்பொடியானது, ஒரு கிராமிலேயே நாலாயிரத்துக்கு மேல் இருக்கும். அதனால் காய்ந்த மணலோடு கலந்து, பாதியைக் கிழக்கு மேற்காகவும் பாதியைத் தெற்கு வடக்காகவும் தூவுங்கள். மேலே சலித்த உரம் மெல்லிசாக, கால் அங்குலத்துக்கும் குறைவாகப் போதும். ஆழத்தில் புதைந்தால் முளைக்காது. ஒன்று இரண்டு வாரத்தில் முளை தெரியும்.

கார்பெட் உடனே பச்சையாகத் தெரியும், செலவும் அதிகம். 2 அடிக்கு 1 அடி துண்டு என்றால் 400 சதுர அடிக்கு 200 வேண்டும், ஓரம் வெட்டுவதற்குப் பத்து கூடுதலாகச் சொல்லுங்கள். வெட்டிய மறுநாளைக்குள் விரித்துவிட வேண்டும். அடுக்கி வைத்திருந்தால் உள்ளே சூடேறி மஞ்சளாகும். தரையை முதலில் நனைத்துவிட்டு, செங்கல் கட்டுவது போல இணைப்பு மாறி மாறி வரும்படி, இடைவெளி விடாமல் நெருக்கி வையுங்கள். விரித்து முடித்ததும் அழுத்திவிடுங்கள்.

முதல் ஆறு வாரம்

விதைக்கு முதல் இரண்டு வாரம் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, பூவாளியால் லேசாக. தண்டு நடவுக்கும் கார்பெட்டுக்கும் காலை மாலை இரண்டு தடவை. கார்பெட்டில் மேலே ஈரமாக இருக்கும், கீழே காய்ந்து கிடக்கும். அதனால் ஒரு மூலையைத் தூக்கி அடிமண் நனைந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். பத்துப் பதினைந்து நாளில் தூக்க வராமல் பிடித்துக்கொண்டால் வேர் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

அதன் பிறகு பழக்கத்தை மாற்ற வேண்டும். தினமும் கொஞ்சம் என்பதை நிறுத்தி, இரண்டு நாளைக்கு ஒரு தடவை, அப்புறம் மூன்று நான்கு நாளைக்கு ஒரு தடவை, ஆனால் நிறைய. மேல்மண் மட்டும் நனைந்தால் வேர் மேலேயே சுற்றும், முதல் கோடையிலேயே மாட்டிக்கொள்ளும். எவ்வளவு விட்டோம் என்று தெரிய, நேரான பக்கம் உள்ள எவர்சில்வர் டம்ளர் நாலைந்தைத் தரையில் அங்கங்கே வைத்து ஸ்பிரிங்ளரை ஓட்டுங்கள். அரை அங்குலம் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்துக்கொண்டால் போதும். விட்ட பிறகு நீளமான ஸ்குரூ டிரைவரைக் குத்திப் பாருங்கள், ஆறு அங்குலம் சுலபமாக இறங்க வேண்டும். தண்ணீர் விடும் நேரம் அதிகாலை.

புல் இரண்டரை, மூன்று அங்குலம் வந்ததும் முதல் வெட்டு. எப்போதும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள், கத்தி கூராக இருக்கட்டும். அருகை ஒன்றரை முதல் இரண்டு அங்குலத்தில் வைத்திருக்கலாம். நட்டு ஆறு வாரம் ஆனதும் 400 சதுர அடிக்கு 350 கிராம் யூரியா, இலை காய்ந்திருக்கும்போது சீராகத் தூவி, உடனே நன்றாகத் தண்ணீர் விட வேண்டும். இலையில் ஒட்டி நின்றால் கருகிவிடும். நரம்பு பச்சையாகவும் இடையில் மஞ்சளாகவும் தெரிந்தால் யூரியா கேட்கவில்லை, இரும்புச்சத்துதான் கேட்கிறது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (ஃபெரஸ் சல்ஃபேட்) கரைத்துச் சாயங்காலத்தில் தெளியுங்கள். தரைக்கல்லில் பட்டால் துருக்கறை விழும், பார்த்துத் தெளியுங்கள்.

முதல் கோடை

பங்குனி பிறந்ததும் வெட்டும் உயரத்தை அரை அங்குலம் கூட்டுங்கள். இலை கொஞ்சம் உயரமாக இருந்தால் மண்ணுக்கு நிழல் கிடைக்கும். யூரியாவை நிறுத்திவிடுங்கள், புதுத் தளிர் கூடுதல் தண்ணீர் கேட்கும். காலண்டரைப் பார்த்துத் தண்ணீர் விடாமல் புல்லைப் பார்த்து விடுங்கள். சாயங்காலம் அதன் மேல் நடந்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். மிதித்த புல் உடனே நிமிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. காலடித் தடம் அப்படியே நின்றால், அல்லது பச்சை மங்கி நீலச் சாம்பல் நிறம் தட்டினால், மறுநாள் காலையில் தண்ணீர் விட்டாக வேண்டும்.

போர்வெல் வற்றி, தண்ணீர் குடிக்கவே பற்றாத நிலை வந்தால் அருகம்புல்லை உறங்க விடுங்கள். பழுப்பாகட்டும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அரை அங்குலம், அதாவது 400 சதுர அடிக்கு 470 லிட்டர் அளவுக்கு விட்டால் மண்ணுக்குள் கிழங்குத்தண்டு உயிரோடு இருக்கும். அந்த நாட்களில் வெட்டக் கூடாது, உரம் கூடாது, பிள்ளைகளையும் வேறு இடத்தில் விளையாடச் சொல்லுங்கள். நல்ல மழை ஒன்று பெய்து ஒரு வாரம் கழித்து, காய்ந்த இலையைப் புல்வாரியால் மெதுவாகச் சீவி எடுத்துவிட்டுத் தரையைப் பாருங்கள். கணுக்களில் பச்சை முளை தெரியும். எங்கே தெரியவில்லையோ அங்கே மட்டும், ஓரத்தில் செழித்திருக்கும் இடத்திலிருந்து தண்டு எடுத்து ஊன்றினால் போதும்.